பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை

முதீர் ஒரு காலை என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். "தபால்பெட்டி பெஞ்சுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? எனக்கு நினைவில்லை" என்றார். தாளில் பென்சிலால் ஒரு தெரு வரைந்திருந்தார். ஒரு குளம், வளைந்த பாதை, சின்னச் சின்னக் கட்டங்களாக வீடுகள். பெஞ்சு இருந்த இடத்தில் மட்டும் அழித்து அழித்து வரைந்ததில் தாள் நைந்துபோயிருந்தது.

வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில், இரும்புக் கட்டுமானப் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் வரைபடங்களையும் கோப்புகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அவர் எங்கள் மேலாளர். மேலாளரை அரபியில் முதீர் என்பார்கள். டீ கொண்டுவருபவர் முதல் பொறியாளர் வரை எல்லோருக்கும் அவர் முதீர்தான். இங்கிலாந்தில் ஒரு சிறு கிராமத்தைச் சேர்ந்தவர். மனைவியைப் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஊரில், பிறந்த வீட்டில், அவருடைய அக்கா மட்டும் இருந்தார்.

அவர் ஊருக்குப் போக முடியாமல் இருந்தது எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் கிரேனிலிருந்து ஓர் இரும்பு உத்தரம் நழுவி விழுந்ததில் வெல்டர் ஒருவர் இறந்துபோனார். அந்த நேரத்தில் முதீர் வெளியே ஒரு கூட்டத்தில் இருந்தார். ஆனால் வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதியில் இருந்தது அவருடைய கையெழுத்து. வழக்கு முடியும்வரை நாட்டைவிட்டுப் போகக்கூடாது என்று பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன்பின் வாய்தாமேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் இஸ்திரி போட்ட சட்டையும் கோட்டுமாகப் போவார். மதியத்துக்குள் திரும்பிவந்து கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் என்னிடம் வரைபடங்களைக் கேட்பார். யாராவது பரிதாபப்பட்டால் அவருக்குப் பிடிக்காது. "நான் உயிரோடு நிற்கவாவது நிற்கிறேன்" என்பார்.

நாட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் அவர் போகலாம். விடுமுறை நாளில் காரை எடுத்துக்கொண்டு அல் ஐன் வரை ஓட்டுவார். ஓமன் எல்லை வேலி தெரிகிற இடத்தில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருமுறை என் கணவரிடம், "வேலிக்கு அந்தப் பக்கமும் இதே மணல்தான். ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது" என்றாராம்.

அந்த வருடம் மகளைக் கல்லூரியில் சேர்க்க நான் இங்கிலாந்து போகவேண்டியிருந்தது. அவள் படிக்கப்போகும் ஊரிலிருந்து முதீரின் கிராமத்துக்கு ஒரே பஸ். அதற்காகத்தான் அந்தத் தாளோடு வந்திருந்தார்.

"அக்கா படம் அனுப்புகிறாள். பனி, பூக்கள், சர்ச் கோபுரம் என்று எல்லாம் காலண்டர் மாதிரி இருக்கும். எனக்கு அது வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டு கேட் வரை நடந்தால் என்னென்ன கண்ணில் படுமோ, அதை அதே வரிசையில் எடுத்து வாருங்கள்" என்றார். கொஞ்சம் தயங்கி, "முன்பெல்லாம் தூக்கம் வராவிட்டால் மனதுக்குள் அந்த வழியில் நடப்பேன். இப்போது பாதியில் வழி தெரியாமல் நின்றுவிடுகிறேன்" என்றார்.

போனோம். பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போனதும் ஊர் அப்படியே அமைதியாகிவிட்டது. மரக்கூரை போட்ட பஸ் நிழற்குடை, வெயிலில் வெளுத்த நேர அட்டவணை, காணாமல்போன பூனையின் படம் ஒட்டிய அறிவிப்புப் பலகை, தொலைபேசி இல்லாமல் பழைய புத்தகங்கள் அடுக்கியிருந்த சிவப்புக் கூண்டு என்று ஒன்று விடாமல் எடுத்தேன்.

"அம்மா, குப்பைத்தொட்டியைப் போய் யாராவது போட்டோ எடுப்பாங்களா? பீப்பிள் ஆர் வாட்சிங்" என்றாள் மகள்.

பார்க்கத்தான் செய்தார்கள். நாயோடு வந்த முதியவர் ஒருவர் நின்று, நாங்கள் ஊராட்சி அலுவலகத்திலிருந்து வருகிறோமா என்று கேட்டார். மகள் விஷயத்தைச் சொன்னாள். "ஓ, அந்த வராத தம்பியா" என்றவர், தானே முன்னால் நடந்து அந்த வீட்டு கேட்டைக் காட்டிவிட்டுப் போனார்.

முதீரின் அக்கா கையுறையோடு தோட்டத்தில் இருந்தார். மிக உயரமானவர். முகம் அப்படியே முதீருடையது. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். படங்களைப் பற்றிச் சொன்னதும் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேண்டுமானால் அவனே வந்து பார்த்துக்கொள்ளட்டும். அம்மாவை அடக்கம் செய்தபோது வரவில்லை. வேலை அதிகம் என்று சொன்னான். ஒரு மகனுக்கு அப்படி என்ன வேலை?"

அவருக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை காலமும் வேலை, வேலை என்றே முதீர் சொல்லிவந்திருக்கிறார். மகள் என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. சொல் என்றும் சொன்னதில்லை. அந்தச் சமையலறையில், தன் தம்பியை வெறுக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் எதிரில், என்னால் வாயை மூடிக்கொண்டு டீ குடிக்க முடியவில்லை.

"அவரால் வர முடியாது. அவருடைய பாஸ்போர்ட் நீதிமன்றத்தில் இருக்கிறது" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இறந்துபோனவருக்குக் குழந்தைகள் உண்டா?" என்பதுதான். உண்டு என்றேன். தலையாட்டினார். பிறகு எழுந்து வெளியே போய் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னையும் எடுங்கள்" என்றார்.

திரும்பிவந்து என் கைபேசியை முதீரிடம் கொடுத்தேன். நடக்கிற வேகத்தில்தான் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் நின்று நின்று. தபால்பெட்டி பெஞ்சுக்கு எந்தப் பக்கமும் இல்லை, தெருவைத் தாண்டி எதிரே ஒரு கற்சுவரில் பதிந்திருந்தது. "எதிரே!" என்று மெல்லச் சொல்லிச் சிரித்தார். கடைசிப் படம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"சொல்லிவிட்டீர்களா?"

"சொல்லிவிட்டேன் சார்."

கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதன்பின் பல வாரங்கள் வேலை விஷயத்தைத் தவிர வேறு ஒரு வார்த்தை என்னிடம் பேசவில்லை. வேலை போய்விடுமோ என்றுகூடப் பயந்தேன். வேலை போனால் விசா போகும். மகளின் படிப்பு அந்தரத்தில் நிற்கும். கதவு திறந்திருக்கிற மாதிரி தெரிந்தாலும் நாங்கள் எல்லோரும் இங்கே ஏதோ ஒரு காகிதத்தில் கட்டுண்டுதான் இருக்கிறோம் என்பதை அந்த வாரங்களில் நன்றாக உணர்ந்தேன்.

குளிர்காலம் தொடங்கியதும் அவருடைய அக்கா வந்தார். முதல் முறையாக விமானம் ஏறியிருக்கிறார். கடற்கரையையோ உயரமான கட்டடங்களையோ பார்க்க அவர் விரும்பவில்லை. பட்டறைக்கு அழைத்துப்போகச் சொன்னார். தலைக்கவசம் கொடுத்தோம். கிரேன் பாதையின் கீழே நின்று, "எங்கே?" என்று கேட்டார். முதீர் தரையில் ஓர் இடத்தைக் காட்டினார். பக்கத்தில் வெல்டிங் பொறிகள் தெறித்துக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் அவர் தன் அக்காவிடம் இறந்தவரின் பெயரையும் ஊரையும் சொன்னார். அந்த வெல்டர் வேலையில் எவ்வளவு சுத்தம், எதற்கெல்லாம் சிரிப்பார் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த மனிதரைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா தம்பியின் முழங்கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

அக்கா ஊருக்குத் திரும்பிய நாளில் நாங்களும் விமான நிலையம் போயிருந்தோம். பயணிகள் மட்டும் போகக்கூடிய இடம் வந்ததும் முதீர் நின்றுகொண்டார். அக்கா உள்ளே போய் மறைந்த பிறகும் நகரவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நன்றி" என்று மட்டும் சொன்னார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. போன வாரமும் வாய்தாதான். ஆனால் இப்போது நீதிமன்றத்திலிருந்து வந்தால், கோட்டைக் கழற்றுவதற்கு முன் வராந்தாவில் நின்று அக்காவைப் போனில் கூப்பிடுகிறார். "இன்றும் விடவில்லை" என்கிறார். அதைச் சொல்ல அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.