மைதாப் பசை

பள்ளிக்கூட வராந்தாவில் மைதாப் பசை கொதிக்கிறது. "தெரியாததத்தான் செஞ்சு பாக்கணும், தைரியமா போஸ்டர் போடுங்க" என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். மாவு வேகும் வாசனை ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிடுகிறது.

அன்று எங்கள் டீச்சரும் இதையேதான் சொன்னார். தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெருவில் நான் பார்த்த போஸ்டர் ஒரே வகைதான். நடுவே ஒரு முகம், சுற்றிலும் பூ, மேலே பெரிதாகக் 'கண்ணீர் அஞ்சலி'. போஸ்டர் என்றாலே அப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். எனக்குப் பிடித்த முகம் அப்பாவுடையது. அவர் கடலுக்குப் போய் இரண்டு நாளாகியிருந்தது. மீசையை அச்சு அசலாக வரைந்து, மேலே அந்த இரண்டு சொல்லையும் எழுதினேன். என்ன படமென்று பார்க்காமலே அம்மா பசை காய்ச்சித் தந்தாள். வாசற்கதவில் ஒட்டினேன்.

முதலில் பார்த்த பக்கத்து வீட்டு அத்தை அலறினாள். தெருவே மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தது. அம்மா படித்துப் பார்த்தாள். என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

"ஏளா, இந்தக் கைதான எழுதிச்சு?"

பசைச் சட்டி இன்னும் அடுப்பில்தான் இருந்தது. என் வலதுகையை அதற்குள் அமுக்கிப் பிடித்தாள்.

மறுநாள் மத்தியானம் அப்பா கூடை நிறையச் சீலா மீனோடு வந்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "பிள்ளைக்கு என்னளா ஆச்சு?" என்றார்.

"பசை காய்ச்சையில கொட்டிக்கிட்டா" என்றாள் அம்மா. பிறகு மீனில் முள்ளெடுத்து எனக்கு ஊட்டினாள்.

"டீச்சர், ஒங்க விரலு ஏன் ஒட்டிக்கிட்டு இருக்கு?" பென்சிலும் கையுமாக ஒரு சிறுமி கேட்கிறாள்.

"பசை காய்ச்சையில கொட்டிக்கிட்டேம்மா. நீ பயப்படாம வரை."