அம்மா பின்பக்கமாக நடந்த ஆனி மாதம்

அந்தக் கோடையில் நடந்தவை, வரிசைப்படி:

1. அம்மா தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். மாலை, சால்வை, எவர்சில்வர் குடம்.

2. மறுநாள் காலையே வீட்டு முன்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, குத்தகை விவசாயிகளுக்கு மனு எழுதத் தொடங்கினாள். காபியோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை எழுந்திருப்பதில்லை.

3. கால் வீங்கியது. முதுகு பலகையானது. கீழே விழுந்த பேனாவை எடுத்துத் தர அடுத்த மனுதாரர் வரும்வரை காத்திருந்தாள்.

4. எங்கள் குத்தகை வயலின் நிலத்துக்காரர் தாசில்தாரிடம் அம்மாவைப் பற்றி ஒரு மனு கொடுத்தார்.

5. அந்த மனுவில் இருந்தது அத்தனையும் உண்மை.

வயல் தாத்தா காலத்துக் குத்தகை. தாத்தாவுக்குப் பின் பதிவேட்டில் அம்மாவின் பெயர் ஏறியது. அப்பா இருந்தவரை அவர் உழுதார். அவருக்குப் பின் ஆள் வைத்துச் செய்தோம். குத்தகைதாரர் என்றால் அவரோ குடும்பத்தாரோ வயலில் உடம்பால் உழைக்க வேண்டும் என்கிறது சட்டம். நிலத்துக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். 'மேற்படி அம்மையார் பகல் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர். சேற்றில் கால் வைத்தறியாதவர். எனவே அவர் பெயரை நீக்க வேண்டும்.' பெயர் போனால் வயல் போய்விடும். குறுவை நடவன்று தாசில்தார் நேரில் வந்து பார்ப்பார் என்று நோட்டீஸ் வந்தது. ஊரில் பாதிப் பேருடைய குத்தகைக்கு மனு எழுதியவள் அம்மா. தன் குத்தகைக்கு மட்டும் எழுதிப் பயனில்லை. குனிய வேண்டும்.

“நான் நடுறேம்மா. குடும்பத்தார்னா நானும்தானே?” என்றேன்.

“நீ தஞ்சாவூர்ல உக்காந்து படம் வரையிறவ. உன்னையும் நாற்காலின்னு எழுதுவாரு. பேரு என்னோடது, முதுகும் என்னோடதே வளையட்டும்.”

“வளையுமா?”

அம்மா குனிந்து காட்டினாள். விரல்கள் முழங்கால்வரை போய் நின்றன.

“மிச்சத்த நீ பாத்துக்க” என்றாள்.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துக் கட்டட வரைபடம் போடுகிறவள்; லீவு போட்டு வந்திருந்தேன். பார்த்துக்கொள்ளச் சொன்னால் முதலில் வரைபடம் போடுவேன். கூடத்துச் சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு இழுத்து, நாற்று வைக்கும் இடத்திலெல்லாம் புள்ளி வைத்தேன். இடது கையில் ஒரு கட்டுக் கீரைத்தண்டு. வலது கையால் புள்ளிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே பின்னால் போக வேண்டும், நடவு பின்னால்தானே போகிறது. ஒரு மனு எழுதி முடித்தால் கூடத்தை ஒரு நடை நட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த மனு. தினமும் கீரைக் குழம்பு ஆயிற்று.

வாசலில் ஏறி வருகிறவர்களை முதலில் வரவேற்றது அம்மாவின் பின்பக்கம். ரிவர்ஸ் எடுக்கும் பஸ் மாதிரி அது மெல்ல மெல்ல அவர்களை நோக்கி வரும். கரைவேட்டிக்காரர் ஒருவர் அதைப் பார்த்துக் கைகூப்பி, “வணக்கம்” என்றே சொல்லிவிட்டார்.

“வணக்கம், உக்காருங்க. சர்வே நம்பர் சொல்லுங்க” என்று அந்தக் கோடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“எந்தப் பக்கம் பாத்துச் சொல்றது டீச்சர்?”

நான் சமையலறைக்குள் ஓடிப்போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

நாளடைவில் காத்திருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. இவருக்கு இடுப்பு வலி, அவருக்கு முட்டி வலி; அவர்களும் புள்ளி பார்த்துக் குனியத் தொடங்கினார்கள். ஆளும் கட்சிக் கிளைச் செயலாளரும் எதிர்க்கட்சிக்காரரும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஆளுக்கொரு சுவரிலிருந்து பின்னால் நகர்ந்து வந்து, கூடத்தின் நடுவில் முதுகும் முதுகும் முட்டிக்கொண்டார்கள்.

“கண்ணு தெரியலயா?”

“உமக்கு மட்டும் பின்னால கண்ணு இருக்கோ?”

இருவரையும் அம்மா வாசலில் நிற்க வைத்தாள். பழைய மாணவர்கள் போல நின்றார்கள்.

நடவுக்குப் பெண்களைக் கூட்டி வருகிறவளை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஒருநாள் வந்து பார்த்தாள். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சிமெண்ட்ல சூப்பரா நடுறீங்க டீச்சர். தாசில்தாரயும் இங்கயே வரச் சொல்லிடுங்க.”

“கிண்டல் பண்ணாத. விரல் இப்ப தரையத் தொடுது பாரு.”

“தொடுது, தொடுது. தரையும் உங்க கால விட்டுருதே. சேறு விடுமா?”

நான் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, அழிந்த புள்ளிகளை மறுபடி வைத்தேன்.

நடவு நாளில் தாசில்தார் வந்தார். சின்ன வயது. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றார். பக்கத்தில் குடை பிடித்தபடி நிலத்துக்காரர். பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நடுவில். முதல் கொஞ்ச தூரம் கூடத்தில் நட்டது போலவே நட்டாள். வரப்பில் நின்று நானும் அவளோடு குனிந்து குனிந்து நிமிர்ந்தேன்.

பிறகு சேறு பிடித்தது. ஒவ்வொரு காலையும் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் பின்னால் நகர்ந்துகொண்டே போக, அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். பின்தங்குகிறவளை எங்கள் பக்கத்தில் சும்மா விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் நட்டு, முதுகுப் பக்கத்தையும் நட்டு அடைத்துவிடுவார்கள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறு, அதில் அவள். அம்மாவையும் அடைத்தார்கள், கெக்கலித்துக்கொண்டே. அம்மா திரும்பிப் பார்த்தாள், தடுமாறினாள், தொப்பென்று உட்கார்ந்தாள்.

“பாருங்க சார்! வயல்லயும் உக்காந்துட்டாங்க!” என்றார் நிலத்துக்காரர்.

வயலே சிரித்தது. அம்மாதான் அதிகம் சிரித்தாள்.

“யாராவது போய்த் தூக்கி விடுங்கம்மா” என்றார் தாசில்தார்.

“எப்படி சார் போறது? சுத்தி நட்டாச்சு, நாத்து நசுங்கிடும்” என்றாள் அத்தை.

நிலத்துக்காரர் தானே இறங்கப் போனார். “கால வைக்காதீங்க!” என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். கால் வரப்புக்கே திரும்பியது.

அம்மா இரண்டு கையையும் சேற்றில் ஊன்றி, எங்கள் கூடத்துக்கு நன்கு பழக்கமான அந்தப் பக்கத்தை முதலில் உயர்த்தி, எழுந்தாள். அந்தப் பாய் அகலத்தை நடத் தொடங்கினாள். மெதுவாக. ஒவ்வொரு காலைப் பிடுங்கும்போதும் சேற்றைத் திட்டிக்கொண்டு. அவள் முடிக்கும்வரை தாசில்தார் வெயிலில் அசையவில்லை.

“இந்த இடத்துல வேற யாரும் கை வைக்கலையே?”

“வைக்க வழி ஏது சார்?” என்றாள் அத்தை.

“மத்த வயலு முழுக்கக் கூலி ஆளு நட்டது சார்” என்றார் நிலத்துக்காரர்.

“ஆளு வைக்கக் கூடாதுன்னு சட்டத்துல இல்லீங்க. இவங்களும் உழைக்கணும், அவ்வளவுதான். இது இவங்க நட்டது, நானே பாத்தேன்” என்று சொல்லி, ஷூவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றபடியே எழுதினார்.

அம்மா நாற்றுகளுக்கு நடுவே கால் பார்த்து வைத்துக் கரையேறினாள். நான் அத்தையிடம் கேட்டேன்: “வேணும்னுதான் அடைச்சீங்களா?”

“போடி. பின்தங்கினாங்க, அடைச்சோம். உங்கம்மான்னு விட்டுட்டா நாளைக்கு எவ எம் பேச்சக் கேப்பா?”

தாசில்தாரின் உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. நிலத்துக்காரர் மேல்முறையீடு போயிருக்கிறார்; அது இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இன்றைய தேதிக்குப் பதிவேட்டில் அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. அவள் மேசையில் மனு எழுதுகிறாள், இடையிடையே வயலுக்குப் போய்க் களை எடுக்கிறாள். கால் வீக்கம் வற்றிவிட்டது. முட்டி மட்டும் வலிக்கிறது.