வெயிலில் காயவைத்த மெமரி கார்டு

பக்கத்து வீட்டு அக்கா உப்பளத்திலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கையில் போன் சொட்டிக்கொண்டிருந்தது. உப்பு வாரக் குனிந்தபோது இடுப்பிலிருந்து நழுவிப் பாத்தியில் விழுந்துவிட்டதாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. மெமரி கார்டைக் கழற்றிக் காயவைத்து கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் வந்துவிடும்.

"அதெல்லாம் எடுத்துடலாம்க்கா, என்கிட்ட விடுங்க."

"போனு போனாப் போவுது தம்பி. பாப்பா பேசின வீடியோ மட்டும் எடுத்துக் குடுத்துடு."

அவர் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து மெஷின் பொருத்தி, பயிற்சிக்காகப் பாண்டிக்கு அலையோ அலையென்று அலைந்த பிறகு, ஒருநாள் அடுப்படியில் வந்து "அம்மா" என்றாள். அக்கா உடனே போனை எடுத்து, இன்னொரு தடவை சொல்லவைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த வீடியோ வேறெங்கும் இல்லை. போன் நிறைந்துவிட்டது என்று அவர் சொன்னபோது, எல்லாவற்றையும் கார்டுக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழித்துக் கொடுத்தது நான்தான்.

கார்டைத் துடைத்து மொட்டைமாடிச் சுவர்மேல் வைத்தேன். 'மெமரி கார்டு ரெக்கவரி ஸ்டார்ட்ஸ்' என்று ஸ்டேட்டஸும் போட்டேன். வெயில் இறங்கியதும் போய்ப் பார்த்தால், கார்டின் பித்தளை நிறக் கோடுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாத்தித் தண்ணீரை வெயிலில் வைத்தால் உப்புதானே வரும். மரக்காணத்தில் பிறந்தவன், அப்பா உப்பு வாரிய கூலியில் கம்ப்யூட்டர் படித்தவன், எனக்கு முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதோடு நிறுத்தினேனா. பிளேடால் சுரண்டினேன். கம்ப்யூட்டரில் செருகினால் கார்டு தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. சரிசெய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு யோசிக்காமல் ஆமாம் என்று அழுத்தினேன். பாதிப் படங்கள் சாம்பல் நிறமாகிவிட்டன. வீடியோ கிடைத்தது. பாப்பா வாயைத் திறக்கிறாள், படம் அப்படியே நின்றுவிடுகிறது. குரல் இல்லை. காப்பி எடுத்து வைக்காமல் கார்டிலிருந்தே திரும்பத் திரும்ப ஓட்டினேன். பிறகு கார்டே தெரியவில்லை.

"என்ன டாக்டரே, பேஷண்ட் எப்டி இருக்கு?" என்றான் நண்பன்.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"டேய், ஊருக்கே ஸ்டேட்டஸ் போட்டியே. அந்தக்காகிட்ட என்ன சொல்லிவச்ச?"

"ஓடிக்கிட்டிருக்கு, டைம் எடுக்கும்னு சொன்னேன்."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

இன்று மாலை பாப்பா எங்கள் வாசலில் வந்து நின்றாள். வார்த்தைகளைக் கொஞ்சம் இழுத்துத்தான் பேசுவாள். "அண்ணா, என் வீடியோ வந்துடுச்சா?"

"வந்துக்கிட்டிருக்கும்மா" என்றேன், செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டு. அவள் நம்பிவிட்டுப் போனாள்.

நாளைக் காலை அக்கா வேலைக்குக் கிளம்புமுன் போய், காயவைத்தது, சுரண்டியது, ஆமாம் என்று அழுத்தியது, எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இனி நீ தொடாதே என்றால் கார்டைப் பஞ்சில் சுற்றி, அதன் மேல்பூச்சைச் சுரண்டி உள்ளே வயர் வைத்துப் பதிவைப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிச் சென்னைக்குக் கொண்டுபோவேன். என்னையே பார்க்கச் சொன்னால், பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் அலசி, நிழலில் உலரவிட்டு, ஒரே ஒரு தடவை செருகுவேன். கார்டு தெரிந்தால், எதையும் திறந்து பார்க்காமல், முழுவதையும் முதலில் அப்படியே காப்பி எடுக்கவேண்டும். குரலை அந்தக் காப்பியில்தான் தேடவேண்டும்.