பெரியப்பாவுக்கு அனுப்பிய டோர்ச்

என் பெரியப்பாவை நான் நேரில் பார்த்தது கிடையாது. பார்க்காமலே ஒருவர் மேல் இவ்வளவு ஆத்திரம் வைத்திருக்க முடியுமா என்று கேட்டால், முடியும்.

அப்பாவின் ஒரே அண்ணன் அவர். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம். விடியுமுன் இருட்டில் தண்ணீர் இறைக்கப் போகிற மனிதர், வரம்பெல்லாம் பாம்பு என்று அப்பாவுக்கு ஒரே கவலை. வெளிநாட்டில், ஊஸ்டர் என்ற ஊரில் பள்ளிக்கூடம் துப்புரவாக்கிக்கொண்டிருந்த அப்பா, கடை கடையாக ஏறி இறங்கி ஒரு எல்.ஈ.டி. டோர்ச் வாங்கினார். ஊருக்குப் போன மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், கொடுத்துவிட்டார். மாமாவுக்குக் குடியுரிமை கிடைத்து, கையில் சிவப்புப் பாஸ்போர்ட் இருந்தது, நினைத்த நேரம் போய் வருவார். அப்பாவின் அகதி பெர்மிட்டில் அது நடக்காது.

“உங்களுக்கு ரோசமே இல்லையோ?” என்று அம்மா கேட்டார். டோர்ச்சுக்கும் ரோசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமா திரும்பி வந்தார், டோர்ச்சும் வந்தது. “உங்கட அண்ணை திருப்பித் தந்துவிட்டவர், அத்தான். எரியுதில்லையாம்.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. பொத்தானை ஒருக்கால் அமத்திக்கூடப் பார்க்காமல் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். நான் விடுவேனா? கரன்ரி என்றால் என்னவென்று பள்ளிக்கூடத்தில் புதிதாகப் படித்த திமிர் எனக்கு. “ரெண்டு வருசம் கரன்ரி இருக்கு அப்பா, மாத்தித் தரத்தான் வேணும்” என்று அவரை அரித்தெடுத்துக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைப்பெண் பொத்தானை அமத்தினாள். டோர்ச் ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது. பற்றரி மாற்றியும் அதே கதைதான். பழுதுதான் என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டு, புதிதாக ஒன்றை எடுத்துத் தந்தாள்.

“உண்மையாவே பழுதுதான், பிள்ளை! உண்மையாவே பழுது!” தெரு முழுக்க அப்பா இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். வழியில் எனக்கு சொக்லேட் பணிஸ் வேறு. பழுதான சாமானுக்கு இப்படிச் சந்தோசப்பட்ட ஒருவரை நான் கண்டதில்லை. காசு கொடுக்காமல் புதிது கிடைத்த புளுகத்தில் பூரிக்கிறார் என்று நினைத்தேன்.

பெரியவளான பிறகுதான் மற்றது தெரிந்தது. எங்களில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது வழக்கம். இதற்கெல்லாம் முன்பே அப்பம்மா செத்தபோது, இளைய மகனான அப்பாவால் போக முடியவில்லை. பெரியப்பாதான் கொள்ளி வைத்தார். பெற்ற தாயை விடப் பெர்மிட் என்ன பெரிய மண்ணாங்கட்டியா என்று சபையில் கேட்டாராம். அன்றிலிருந்து அப்பாவின் ஃபோனை அவர் எடுத்ததே இல்லை. போனால் அகதிக் கார்ட்டைப் பறித்துவிடுவார்கள், மனைவி பிள்ளையோடு தெருவில் நிற்க வேண்டும் என்பதை அந்த மனிதருக்கு யார் சொல்வது? சொன்னாலும் கேட்டிருக்கவா போகிறார்!

அடுத்த வருடம் மாமா ஒரு கலியாணத்துக்கு ஊருக்குப் போனார். அப்பா புது டோர்ச்சைத் திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்து, துவாயில் சுற்றிக் கொடுத்துவிட்டார். மாமா வரும்வரை அவர் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாமா வந்தார். தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் பையைத் திறந்தார். அதே துவாய், அதே சுற்று.

“இதுவும் எரியுதில்லையாம்” என்றார், ஒருவரையும் பாராமல்.

“கரன்ரி இன்னும் முடியேல்ல! சனிக்கிழமை கடைக்குப் போவம்!” என்று நான் துள்ளினேன்.

“வேண்டாம் பிள்ளை. அதைத் தொடாதை.”

அவர் சொல்லி முடிக்குமுன் பொத்தானை அமத்திவிட்டேன். சுவர் முழுக்க வெள்ளை வெளிச்சம்.

“அப்பா, எரியுது! இங்க பாருங்கோ, நல்லா எரியுது!”

அப்பா பார்க்கவில்லை. “ஓம், எரியுது. நூத்துப்போடு” என்றார். நான் அணைத்தேன்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “மாமா, அடுத்த முறை பெரியப்பாவுக்கு எங்க அமத்திறது எண்டு காட்டிவிடுங்கோ” என்றேன். நல்ல யோசனைதானே சொன்னேன், ஏன் யாரும் ஓம் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.