ஈறு நிறக் கைப்பிடி

எங்கள் மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டு முன்னறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, பல்லை மெழுகில் வரிசையாக அடுக்கி, ஈறு நிறத்தில் பிளாஸ்டிக் வார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பார். இந்த ஊரில் எத்தனையோ பேர் இவர் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இவரைத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சொந்தப் புருஷனைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறதாம். இருக்கட்டும், எழுதட்டும்.

அவருக்கு வெகுகாலம் வேலை கொடுத்து வந்த வயதான பல் டாக்டர் ஒருவர், மகனோடு இருக்க வெளிநாடு புறப்பட்டபோது தன் காரை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சாதாரணக் கார் இல்லை, பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. பச்சை நிறம். உயரம் என் இடுப்புக்குக்கூட வராது. இரண்டே சீட்டு. கதவு பக்கவாட்டில் திறக்காமல் இறக்கை மாதிரி மேலே எழும்பும். வருஷக்கணக்கில் உறை போட்டு மூடிக் கிடந்ததால் அது ஓடவும் இல்லை, வாங்க வந்தவர்களும் செலவுக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். டாக்டர் சாவியைக் கையில் வைத்து ஒன்றுதான் கேட்டாராம்: "மறுபடியும் மூடி மட்டும் வைக்காதப்பா. கடைக்குப் போனாலும் இதுலயே போ."

மாப்பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். மெக்கானிக் சிநேகிதரோடு சேர்ந்து வண்டியை ஓடவைத்தார். கிடைக்காத சாமான்களைத் தன் மேஜையிலேயே வார்த்துக்கொண்டார். கியர் குமிழ், ஜன்னல் பொத்தான் எல்லாமே ஈறு நிறம். எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் வண்டிக்குத் தவளை என்று பெயர் வைத்தார்; கதவு திறந்தால் தவளை வாயைத் திறந்த மாதிரியே ஈறு தெரிகிறது என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

எனக்கு முதல் நாளிலிருந்தே அந்த வண்டி பிடிக்கவில்லை. "நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ரெண்டு சீட்டு வண்டி எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை போலாம் அத்தை" என்றார்.

அவர் அப்படித்தான். கோபமே வராது. அரிசி மூட்டையைப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுக் கொண்டுவருவார். வேகத்தடை வந்தால் அடி தட்டாமல் இருக்க நண்டு மாதிரி சாய்ந்து ஏறுவார். பின்னால் வருகிற சைக்கிள்காரன்கூட மணியடித்து அவரைத் தாண்டிப் போவான். அந்த வண்டிக்கு இன்ஜின் பின்னால் இருக்கிறது. அது மறந்துபோய், ஆரம்பத்தில் ஒருநாள் மெழுகில் அடுக்கிய பற்களைப் பின்பக்கத் தட்டில் வைத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி வாசலில் டப்பாவைத் திறந்தால், மெழுகெல்லாம் உருகி, மூன்று பேருடைய பல்லும் ஒரே குவியலாகக் கிடந்தது. யார் பல் யாருடையது என்று பிரிக்கவே ஒரு பகல் போயிற்று. அன்றிலிருந்து பல் டப்பா பானெட்டுக்கு அடியில், முன்பெட்டியில்தான் போகும்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போயிற்று. காலமெல்லாம் பஸ் ஓட்டினவர். தினமும் விடாமல் பயிற்சிக்குக் கொண்டுவாருங்கள், இந்தச் சில மாதம்தான் நேரம், இப்போது விட்டால் நடை திரும்பாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். முதல் நாள் டாக்ஸியில் போனோம். டிரைவர் பையன் நல்லவன்தான், ஆனால் அவரை இரண்டு கையாலும் அள்ளி மூட்டை மாதிரி இறக்கினான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், இனி வரமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன். சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

மறுநாள் காலை மாப்பிள்ளை வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"மாமா, டெலிவரிக்கு எனக்குத் துணைக்கு ஆள் இல்லை. டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு வரணும். நீங்க வர்றீங்களா?"

முன்பெட்டி இருக்கும்போது மடி எதற்கு என்று என் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் போனார். டப்பாவை மடியில் வைத்து இடது கையால் அணைத்துக்கொண்டு, தவளைக்குள் சரிந்து உட்கார்ந்து போனார். போகிற வழியில் பயிற்சி நடக்கிற இடமும் இருந்தது.

உட்காருவது சுலபம். எழுந்திருப்பதுதான் கஷ்டம். தரையோடு தரையாக இருக்கிற சீட்டிலிருந்து அவரைத் தூக்கித் தூக்கி மாப்பிள்ளைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் ஒரு வேலை செய்தார். வாயில் அச்செடுக்கிற மாவைக் கிண்ணத்தில் குழைத்துக் கொண்டுவந்து, "பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பிடிங்க மாமா" என்றார். இவர் பிடித்தார். மாவு இறுகும்வரை பிடித்தபடியே இருந்தார். அது கையில் குளுகுளுவென்று இருந்ததோ என்னவோ, வியாதி வந்தபிறகு முதல் தடவையாகச் சிரித்தார், ஒரு பக்கத்து வாயால். அந்த அச்சை வைத்து மாப்பிள்ளை ஒரு கைப்பிடி வார்த்தார். உள்ளே இரும்புக் கம்பி, மேலே ஈறு நிறம். இவருடைய இடது கை விரல்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனிப் பள்ளம். அதைக் கதவோரத் தூணில் திருகிவைத்தார். அதைப் பிடித்துக்கொண்டால், அக்குளில் ஒரு கை கொடுத்தாலே போதும், எழுந்துவிடுவார்.

ஆனாலும் மாப்பிள்ளையின் இடுப்பு வலி நிற்கவில்லை. இதை விற்றுவிட்டு உயரமாக ஒரு வேன் வாங்குங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மகளும் சொன்னாள். இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன். கடைசியில் மாப்பிள்ளை சரி என்றார். மாமா சௌகரியமாகப் போய் வந்தால் போதும் என்றார். கார் கொடுத்த பல் டாக்டரிடம் போனில் கேட்டாராம், அவரும் தாராளமாக விற்கலாம் என்றாராம். ஆள் பார்த்து, வந்து எடுத்துக்கொள்ள நாளும் சொல்லியாயிற்று.

அதற்கு முந்தின நாள், மெக்கானிக் ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏறிப் பார்க்கட்டும் என்றார். என் வீட்டுக்காரர் படியைப் பார்த்தார். இடது காலை வைத்தார். வலது கால் எழும்பவில்லை. மறுபடி பார்த்தார். எழும்பவில்லை. இரண்டு பேர் அடியில் கைகொடுத்து ஏற்றினார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"பழகிடும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அன்று சாயந்தரம் தவளையை நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் வந்தவர் மரியாதையான மனுஷன். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்து, கைப்பிடியைக் காட்டி, "இது என்னங்க, சிவப்பா?" என்றார். மாப்பிள்ளை விவரம் சொன்னார். வந்தவர் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. "நல்ல வேலைதான். ஆனா எனக்குப் பழைய மாதிரியே இருக்கணும். கழட்டிட்டு, ஓட்டையை மட்டும் அடைச்சுக் கொடுத்துடுங்க" என்றார்.

மாப்பிள்ளை ஸ்குரூடிரைவர் எடுக்க உள்ளே போனார்.

வாசல் நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர், பயிற்சியில் பிடித்து நடக்கப் பழகிய கோலை ஊன்றி எழுந்தார். ஓரடி ஓரடியாக வண்டிக்குப் போனார். கதவு மேலே திறந்தே இருந்தது. நான் ஓடினேன், கோலை நீட்டி என்னை அங்கேயே நில் என்றார். அந்தக் கோலை உள்ளே சாய்த்துவைத்தார். கைப்பிடியைப் பிடித்தார். விரல்கள் தேடாமலே அதனதன் பள்ளத்தில் போய் உட்கார்ந்தன. முதுகைத் திருப்பி, மெதுவாக இறங்கி, உட்கார்ந்துவிட்டார். வலது காலை இடது கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். பக்கத்தில் ஒருவரும் இல்லை.

ஸ்குரூடிரைவரோடு வந்த மாப்பிள்ளை வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

வந்தவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "பெரியவர் இறங்குவாருங்களா?"

"மாட்டார்" என்றேன்.

காலமெல்லாம் கண்டக்டர் சொல்லக் கேட்டு வண்டியை எடுத்தவர் அவர். இப்போது குழறுகிற வாயால் தானே சொன்னார்.

"போலாம்."

மாப்பிள்ளை ஸ்குரூடிரைவரை என் கையில் கொடுத்தார். வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மனுஷன் தகராறு எதுவும் செய்யாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டார்; அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். முகம் பார்த்திராத அந்தப் பல் டாக்டரும் நன்றாக இருக்கட்டும். மாப்பிள்ளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இவ்வளவு நேரம் அதைத்தான் சொன்னேன்.

இவர் இப்போது கோலோடு தெருமுனை வரை நடக்கிறார். தினமும் காலையில் இன்னமும் பல் டப்பா அவர் மடியில்தான் போகிறது. இரண்டு சீட்டும் நிறைந்துவிடுவதால் எனக்கு இடமில்லை. நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன். வேன் பேச்சை மட்டும் நான் இன்னும் விடவில்லை. படி தாழ்வாக ஒன்று வந்தால் பார்க்கலாம்.