அப்பாவின் நெஞ்சில் வைத்த காது

மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீட்டிலிருந்து கிளம்பியவன் நான். இன்று இடப்பள்ளியில் மாடி வீடு, கலூரில் பலசரக்குக் கடை, சரக்கு ஏற்றச் சொந்தமாக டெம்போக்கள். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. இதையெல்லாம்விடப் பெரிய காரியத்தை எட்டு வயதில் செய்தேன். வீட்டில் அதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அப்பா மிளகுக் கிடங்குகளுக்குக் கைவண்டி இழுத்தவர். ஒரு நாள் பாரத்தோடு வந்த வண்டி கல்லில் முட்டி, முன்கட்டை அவர் நெஞ்சில் ஓங்கி இடித்துவிட்டது. ரத்தம் இல்லை, முறிவு இல்லை. ஒரு சாயாவைக் குடித்துவிட்டு மிச்ச மூட்டைகளையும் இறக்கிவிட்டுத்தான் வீடு வந்தார். “படபடன்னு வருது” என்று படுத்துக்கொண்டார்.

“வாயுதான் அண்ணா. சீரக வெள்ளம் குடி, பின்னே ஒரு உழிச்சில். சரியாயிடும்” என்று சித்தப்பா, எண்ணெய் தேய்த்து உழியும் ஆசானைக் கூட்டி வந்தார். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது.

நான் வழக்கம்போல அப்பாவின் நெஞ்சில் தலைவைத்தேன். தினமும் என் தலையணை அது. அதன் சத்தம் எனக்கு அத்துப்படி. அன்று அது தடதடவென்று ஓடியது, நின்றது, திடீரென்று எகிறிக் குதித்தது.

“அப்பாக்கு நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது!”

“வந்துட்டாருய்யா டாக்டர்! கணக்குல முட்டை வாங்கினவன் நெஞ்சு நோக்குறான். மாறி நில்லுடா, ஆசான் உழியட்டும்.”

அழுத்தித் தேய்த்தால் அது ஒரேயடியாக நின்றுவிடும் என்று எனக்குப் பட்டது. கைகளை விரித்து மறித்துக்கொண்டு, “நீயே கேளு சித்தப்பா!” என்று கத்தினேன்.

“கேக்கறேன். ஒண்ணும் இல்லேன்னா உன் தோலை உரிச்சுடுவேன்.”

சிரித்துக்கொண்டே குனிந்தவர் சிரிப்பில்லாமல் நிமிர்ந்தார். “அண்ணி, போட் ஜெட்டிக்குப் போலாம்” என்றார். அவ்வளவுதான்.

எறணாகுளம் ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இடித்த இடியில் உள்ளே இதயமே கன்றியிருக்கிறது, அதனால்தான் துடிப்பு தப்புகிறது என்றார் டாக்டர். துடிப்பு சீராகும்வரை அப்பாவை வீட்டுக்கு விடவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்குப் படகில் போகும்போது அப்பா என் மணிக்கட்டை வலிக்கும்படி பிடித்திருந்தார். நான் காயலில் விழுந்துவிடுவேன் என்று பிடித்திருப்பதாகத்தான் நினைத்தேன். பயந்திருந்தது அவர் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இன்றும் கல்யாண வீடுகளில் சித்தப்பா மகன்கள், தங்கள் அப்பாதான் பெரியப்பாவைக் காப்பாற்றினார் என்கிறார்கள். அம்மா கடைசிவரை குலதெய்வம் என்றாள். இருக்கட்டும். சித்தப்பா தோள் கொடுத்தார், டாக்டர் பார்த்தார், சாமியும் பார்த்தது. முதலில் காது வைத்தது யார்? அதைச் சொல்லிவிட்டு மிச்சக் கதையைச் சொல்லுங்கள்.