ஸ்பேஸ் பாரில் ஒரு பெயர்

அந்தக் கடையில் கீபோர்டில் பெயர் பொறித்துக்கொண்டால் ஒரே மாதத்தில் வேலை போய்விடும் என்று ஒரு வதந்தி. வதந்திக்குக் கால் கிடையாது. ஆனாலும் லிஃப்டுக்குக் காத்திராமல் ஓர் அலுவலகத்தின் எல்லா மாடியும் ஏறி இறங்கிவிட்டது. விசாரித்தால் கதை தலைகீழ். பொறித்துக்கொண்ட நாற்பது பேரும் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பெயர் பொறிக்கப்படாதவர்களுக்குத்தான் சீட்டு கிழிந்தது. இரண்டிலும் சேராதவர் ஒரே ஒருவர்: கடைக்காரரின் தங்கை புருஷன். அவரை வைத்து முளைத்ததுதான் வதந்தி.

கடைக்காரருக்கு 'லேசர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினொரு வருடமாக லேசர் ஒளியால் பெயர் சுடுகிறார். பிளாஸ்டிக் கருகும் வாடை சட்டையில் ஏறி எந்தச் சோப்புக்கும் மசிவதில்லை. சிவப்புப் புள்ளி ஸ்பேஸ் பாரின் நடுவில் விழுகிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார். சுட்டது சுட்டதுதான், தலையெழுத்து மாதிரி, அழிக்க ரப்பர் கிடையாது.

மாப்பிள்ளையின் அலுவலகம் ஊழியர்களுக்குப் பரிசு என்று அனுப்பியது நாற்பது பெயர், நாற்பத்தொரு கீபோர்டு. உபரி ஒன்று கைதவறுதலுக்கு. பட்டியலில் மாப்பிள்ளை பெயர் இல்லை. மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். பட்டியல் அடித்தவன் தூக்கக் கலக்கத்தில் விட்டிருப்பான் என்று தாமே தீர்ப்பு எழுதி, உபரியில் அந்தப் பெயரைச் சுட்டுவிட்டார். தங்கை புருஷனாயிற்றே, ஒரு சுற்று கூடுதலாகவே. அங்கே பெட்டி பிரித்தவர்கள் எண்ணிப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார்.

"மச்சான், ஆளைக் குறைக்கப் போறாங்கன்னு ஒரே பேச்சா இருந்துச்சு. வேற இடத்துல கூப்பிட்டாங்க, போயிடலாம்னு இருந்தேன். இப்பப் பாருங்க, பேரையே போட்டுக் குடுத்துட்டாங்க! அனுப்பப் போறவனுக்கு யாராவது பேர் போடுவாங்களா? அந்த வேலை வேணாம்னு காலையிலயே சொல்லிட்டேன்."

லேசருக்கு அப்போதுதான் பட்டியல் புரிந்தது. அது வேலையில் வைத்துக்கொள்ளப் போகிறவர்களின் பட்டியல்.

"எதுக்கு மாப்ள அவசரப்பட்டீங்க?"

"எல்லாம் உங்க கைராசி மச்சான்!"

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய மனசு பண்ணி, கீபோர்டை எடுத்துப்போகச் சொன்னார்கள். பெயர் போட்டது வேறு யாருக்கு ஆகும்?

"பேரைப் போட்டுக் குடுத்துட்டுக் கழுத்தை அறுக்குறானுங்களே, விளங்குவானுங்களா?" என்று தங்கை மூக்கைச் சிந்தினாள். "இதைச் செஞ்ச கை அழுகிப் போகட்டும்ணே!"

லேசர் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை இப்போது அதே கீபோர்டில் வேலை கேட்டு விண்ணப்பம் அடிக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தன் பெயரைத் தானே கட்டைவிரலால் குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"பார்த்தாலே வயிறு எரியுது மச்சான். மொட்டையா ஒரு ஸ்பேஸ் பார் மாட்டிக் குடுங்களேன்."

"நாளைக்குக் கொண்டு வர்றேன் மாப்ள."

மாட்ட இரண்டு நிமிஷம். ஆனால் எதிரில் உட்கார்ந்து மாட்டும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். மூன்று மாதமாகிறது. ஸ்பேஸ் பார் இன்னும் பாக்கி.